ஒரு பக்கம் மட்டும் நழுவும் கிளட்ச்

மோட்டார் சைக்கிள் ஓட்டுபவர் 'கிளட்ச் நழுவுகிறது' என்று சொன்னால் பழுது என்றே பொருள். ஆனால் நழுவுவதற்கென்றே செய்யப்பட்ட கிளட்சும் உண்டு. வேகமான வண்டிகளில் பொருத்தப்படும் அதற்கு ஸ்லிப்பர் கிளட்ச் என்று பெயர். இது கோளாறு செய்யும்போது, நழுவுவது குற்றமா, நழுவாதது குற்றமா என்ற குழப்பம் பலருக்கும் வந்துவிடுகிறது. என் மாணவர் ஒருவருக்கு இந்தக் குழப்பத்தால் காரை எலும்பு முறிந்தது.

சாப்பாட்டுத் தட்டுகள் சிலவற்றை அடுக்கி, மேல்தட்டைக் கையால் அழுத்திக்கொண்டு அடித்தட்டைத் திருப்புங்கள். அடுக்கு முழுவதும் சேர்ந்து திரும்ப முயல்வதைக் கை உணரும். அழுத்தத்தைத் தளர்த்தினால் அடித்தட்டு மட்டும் திரும்பும். கிளட்சும் இதுதான். எஞ்சினோடு சுற்றும் உராய்வுத் தட்டுகளும், கியர்பெட்டியோடு சுற்றும் எஃகுத் தட்டுகளும் மாறி மாறி அடுக்கப்பட்டு எண்ணெயில் நனைந்திருக்கின்றன. கையின் வேலையைச் சுருள்வில்கள் செய்கின்றன.

வழக்கமாக எஞ்சின் சக்கரத்தைச் சுற்றுகிறது. கியரை இறக்கும்போது நிலைமை தலைகீழாகிறது. நான்காம் கியரில் எஞ்சின் நிமிடத்துக்கு 6,000 சுற்று சுற்றுகிறது என்க. அந்தக் கியரின் விகிதம் 1.2, இரண்டாம் கியரின் விகிதம் 1.9. ஆக்சிலேட்டரை மூடிவிட்டு இரண்டாம் கியருக்கு இறக்கினால், அதே வேகத்தில் எஞ்சின் 9,500 சுற்று சுற்றியாக வேண்டும். சுழலும் பொருளின் ஆற்றல் சுழற்சி வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருப்பதால், அது இரண்டரை மடங்காக வேண்டும். ஆக்சிலேட்டர் மூடியிருப்பதால் பெட்ரோல் இந்த ஆற்றலைத் தராது. பின்சக்கரம்தான் தர வேண்டும். அதுவோ தரையின் உராய்விலிருந்து பெற வேண்டும்.

அதே நேரத்தில் பிரேக்கும் பிடித்திருப்பீர்கள். ஆளும் வண்டியும் சேர்ந்து 240 கிலோ. அதில் பாதி, அதாவது 120 கிலோ, பின்சக்கரத்தின் மேல். ஈர்ப்பு மையம் 60 செ.மீ. உயரத்தில், சக்கரங்களுக்கு இடையே 135 செ.மீ. புவியீர்ப்பு முடுக்கத்தில் 0.6 பங்கு அளவுக்கு வேகத்தைக் குறைத்தால் சுமார் 64 கிலோ பாரம் முன்சக்கரத்துக்கு மாறிவிடும் என்பதை நீங்களே கணக்கிடலாம். பின்னால் மிஞ்சுவது 56 கிலோ. பாரம் குறைந்தால் உராய்வும் குறையும். எஞ்சினோ அந்தச் சக்கரத்திடம்தான் ஆற்றலைக் கேட்கிறது! சக்கரம் சறுக்கும், பிடிக்கும், மறுபடி சறுக்கும். இதைத்தான் பின்சக்கரம் குதிப்பதாக ஓட்டுபவர்கள் சொல்வார்கள்.

1979-ல் ஹோண்டா நிறுவனம் நீள்வட்ட பிஸ்டன்கள் கொண்ட என்.ஆர். 500 என்ற நான்கு வீச்சுப் பந்தய வண்டியைக் களத்தில் இறக்கியபோது இந்தத் தொல்லை பெரிதாகத் தலைதூக்கியது. போட்டியாளர்களின் இருவீச்சு வண்டிகளில் எஞ்சின் தடை மிகக் குறைவு. என்.ஆர். 500-க்கோ பின்னோக்கி வரும் திருப்புவிசையைக் கட்டுப்படுத்தும் கிளட்ச் தேவைப்பட்டது.

பாட்டில் மூடியை ஒரு பக்கம் திருகினால் இறுகும். மறுபக்கம் திருகினால் மேலெழும். இன்றைய ஸ்லிப்பர் கிளட்சுகள் பலவற்றில் அழுத்துத் தட்டிலும் மையக் குடத்திலும் இத்தகைய சரிவுகள் வெட்டப்பட்டிருக்கின்றன. எஞ்சின் இழுக்கும்போது சரிவு தட்டுகளை இறுக்குகிறது. சக்கரம் எஞ்சினைச் சுற்றும்போது அழுத்துத் தட்டு மேலெழுந்து தட்டுகள் நழுவுகின்றன. இழுக்கும்போது சரிவே இறுக்கிவிடுவதால் மெல்லிய சுருள்வில்கள் போதும். பல வண்டிகளில் மூன்றுதான் இருக்கும்.

மாணவரின் வண்டிக்கு வருவோம். மேட்டில் ஏறும்போது எஞ்சின் அலறியது, வேகம் ஏறவில்லை. பட்டறையில் திறந்து பார்த்தவர், மூன்றே மெல்லிய சுருள்வில்களைக் கண்டு, தடித்தவற்றை மாட்டிவிட்டார். நழுவல் நின்றது. இரண்டு வாரம் கழித்து மழையில் ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது, ஒரு வளைவுக்கு முன் இரண்டு கியர் இறக்கினார். பின்சக்கரம் பக்கவாட்டில் ஓடிவிட்டது. அழுத்துத் தட்டு மேலெழ வேண்டுமானால் சுருள்வில்லை வென்றாக வேண்டும். வில் தடித்ததும், ஸ்லிப்பர் கிளட்ச் ஏறக்குறைய சாதாரணக் கிளட்சாகிவிட்டது.

ஆகவே, பழுது பார்க்குமுன் எந்தத் திசையில் கோளாறு என்று கேளுங்கள். ஆளில்லாத நேரான சாலையில் உயர்ந்த கியரில் மெதுவாகச் சென்று, ஆக்சிலேட்டரை முழுதும் திருகுங்கள். சுற்று மட்டும் ஏறினால் முன்திசை நழுவல். முதலில் கிளட்ச் பிடியில் சிறிது தளர்வு இருக்கிறதா என்று பாருங்கள். கேபிள் விறைப்பாக இருந்தால் பிடியைப் பாதி அமுக்கியபடியே ஓட்டுவது போலாகும். அடுத்தது எண்ணெய். கார் எண்ணெய்கள் பலவற்றில் உராய்வைக் குறைக்கும் பொருள்கள் சேர்க்கப்படுகின்றன. காரின் கிளட்ச் எஞ்சின் எண்ணெயில் நனைவதில்லை; மோட்டார் சைக்கிளில் நனைகிறது. டப்பாவில் ஜாசோ எம்.ஏ. அல்லது எம்.ஏ.2 என்ற குறி இருக்க வேண்டும், எம்.பி. என்பது உராய்வு குறைந்த வகை, இதற்கு ஆகாது. இவை இரண்டும் சரியாக இருந்தால்தான் மூடியைத் திறந்து தட்டுகளின் தடிமனையும் வில்லின் நீளத்தையும் அளக்க வேண்டும்.

கியர் இறக்கும்போது சக்கரம் குதித்தால், செயின் தளர்வையும் டயரையும் பார்த்த பிறகு, சரிவுகளைப் பாருங்கள். அவற்றில் பள்ளம் விழுந்திருந்தால் தட்டு வழுக்கி ஏறாமல் சிக்கும். வேறு தடிமனுள்ள தட்டுகளை மாட்டி அடுக்கின் மொத்த உயரத்தை மாற்றியிருந்தாலும் சரிவு தன் வேலையைச் சரியாகச் செய்யாது. எஞ்சின் தடையே இல்லாமல் வண்டி மிதந்து ஓடினால், வில் தளர்ந்திருக்கலாம், அல்லது எழும்பிய தட்டு மேலேயே சிக்கியிருக்கலாம்.

கியர் இறக்கும்போது கிளட்ச் பிடி விரலில் லேசாகத் துடிப்பது மட்டும் பழுதன்று. தட்டு எழுந்து அமர்வதன் அடையாளம் அது. பேட்டரி இறங்கிய சில வண்டிகள் தள்ளினால் எளிதில் கிளம்பாததற்கும் இதுவே காரணம். தள்ளும்போது சக்கரம்தானே எஞ்சினைச் சுற்றுகிறது!

மாணவரின் வண்டியில் இருந்தது கார் எண்ணெய். அதை வடித்து, ஒருமுறை கழுவி, எம்.ஏ.2 எண்ணெய் ஊற்றினோம். புதிய உராய்வுத் தட்டுகளை ஓரிரவு அதே எண்ணெயில் ஊறவைத்து மாட்டினோம். தடித்த வில்களைக் கழற்றி எறிந்து, கம்பெனியின் மெல்லிய வில்கள் மூன்றையும் திரும்பப் பொருத்தினோம். மேட்டில் வண்டி நழுவவில்லை.