மெய்விவாகமும் தாலியும்

கத்தோலிக்கத் தமிழர் மணவினையில் தாலி பூட்டுதலே மணத்தை முடிக்கும் செயல் எனப் பலரும் கருதுவர். திருச்சபைச் சட்டம் அங்ஙனம் கொள்வதில்லை. கோயிலில் மும்முறை ‘ஓலை’ வாசித்துத் தடையின்மை தெளிவர்; ஏடு மறைந்தும் பெயர் நின்றது. பின்னர், மணமக்கள் குருவின் முன்னும் இரு சாட்சிகள் முன்னும் தம் இசைவை வாய்மொழியாக உரைப்பர். இம்முறையைத் திரெந்துப் பொதுச்சங்கம் 1563இல் வரையறுத்தது. அவ்விசைவே மெய்விவாகம், குரு அதனைத் திருச்சபையின் பெயரால் கேட்டு ஏற்பவர். மந்திரித்த தாலியை மணமகன் அதன்பின் பூட்டுவான். 1704இல் புதுச்சேரியில் தூர்னோன் விடுத்த ஆணை பிள்ளையார் உருவுடைய தாலியை விலக்கிற்று. சிலுவை முதலியன பொறித்த தாலிக்கு இடமளித்தது. எனவே, மணத்தை ஆக்குவது சொல் என்றும், அதனை ஊரறியக் காட்டுவது தாலி என்றும் யாம் துணிகின்றோம்.