சூரைக் குழம்பும் க்ஷய மாத்திரையும்

பாம்பனிலும் ராமேசுவரத்திலும் சூரை மீன் நிறைய விழுந்த நாளில் வீட்டுக்கு வீடு குழம்பு மணக்கும். சத்தான மீன்தான்; சந்தேகமில்லை. ஆனால், உங்கள் வீட்டில் க்ஷயரோகத்துக்கு மருந்து சாப்பிடுகிறவர் யாராவது இருந்தால், சட்டியை அடுப்பில் ஏற்றுமுன் இதைச் சற்றுப் படித்துவிடுங்கள்.

க்ஷயம் என்றாலே தாம்பரம் போன்ற சானடோரியங்களில் மாதக்கணக்கில் படுத்திருக்க வேண்டிய காலம் ஒன்று இருந்தது. 1956-ல் சென்னையில் ஆரம்பமான ஆராய்ச்சி நிலையம், வீட்டில் இருந்தபடியே மருந்து சாப்பிட்டாலும் நோய் குணமாகும் என்று நிரூபித்தது. நோயாளியின் சாப்பாட்டைக் கவனிக்கும் பொறுப்பும் அதனால் நம் சமையலறைக்கு வந்து சேர்ந்தது.

அந்த மருந்துகளில் முக்கியமானது ஐசோனியசிட். அதற்கும் சூரைக்கும் ஆகாது! கடலுக்கு அக்கரையில், இலங்கையில், டாக்டர் உரகொடவும் டாக்டர் கொட்டேகொடவும் 1977-லேயே இதை எழுதியிருக்கிறார்கள். ஐசோனியசிட் சாப்பிடுகிறவருக்கு இந்த மீனால் முகம் சிவந்து, தலை வலித்து, நெஞ்சு படபடக்கும். அரிப்பும் வாந்தியும் வரலாம்.

காரணம் என்ன? பிடித்த மீன் ஐஸ் இல்லாமல் வெப்பத்தில் கிடந்தால், அதில் ஹிஸ்டமின் என்ற பொருள் உண்டாகிறது. கொஞ்சமாக இருந்தால் நம் குடலே அதை முறித்துவிடும். ஐசோனியசிட் அந்தச் சக்தியைக் குறைத்துவிடுகிறது. அதனால்தான் ஒரே குழம்பைச் சாப்பிட்ட மற்றவர்கள் சுகமாக இருக்க, நோயாளி மட்டும் அவதிப்படுகிறார். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் ஹிஸ்டமின் போகாது. மீனை முகர்ந்து பார்த்தும் கண்டுபிடிக்க முடியாது.

இதைவிடப் பெரிய ஆபத்து வேறொன்று உண்டு. “மாத்திரைதான் ஒத்துக்கொள்ளவில்லை” என்று நினைத்து மருந்தையே நிறுத்திவிடுவார்கள்! வழக்கமாக ஆறு மாதம் சாப்பிட வேண்டிய மருந்தைப் பாதியில் விட்டால் நோய் திரும்பலாம். கிருமி அதே மருந்துக்கு அடங்காமலும் போகலாம்.

ஆகவே சகோதரிகளே, மருந்து முடியும்வரை நோயாளிக்குச் சூரை, கானாங்கெளுத்தி, சாளை மீன்கள் வேண்டாம். டப்பாவில் வரும் சூரையும் வேண்டாம். மீன் இல்லாமல் சோறு இறங்காது என்பவருக்கு, விளைமீன் போன்ற வெண்சதை மீனைப் புதிதாகப் பார்த்து வாங்கி, அன்றைக்கே சமைத்துப் போடுங்கள். முட்டையும் பருப்பும் தாராளமாகக் கொடுக்கலாம்.

தவறிப்போய்ச் சாப்பிட்டு முகம் சிவந்தால், எந்த மீனை எத்தனை மணிக்குச் சாப்பிட்டார் என்பதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். மூச்சுத் திணறலோ மயக்கமோ வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். மாத்திரையை மட்டும் டாக்டரைக் கேட்காமல் நிறுத்திவிடாதீர்கள்!