உஷார்! சைரன் அடித்தால் எந்தப் பக்கம் ஓடுவது?

எண்ணூர்க் கரையில் குடியிருப்பவரா? இதைப் படிப்பதை ஒரு நிமிடம் நிறுத்திவிட்டு, காற்று இப்போது எந்தப் பக்கமிருந்து வீசுகிறது என்று பாருங்கள். மாடியில் காயும் துணியைப் பார்த்தாலே தெரிந்துவிடும். பார்த்து மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒருநாள் நள்ளிரவில் விளக்கு இல்லாமல், கண் எரிய, குழந்தையைத் தூக்கிக்கொண்டு இதே கேள்விக்கு நீங்கள் பதில் தேட வேண்டியிருக்கும். அப்போது சொல்லித்தர ஆள் இருப்பார் என்று நம்ப எந்தக் காரணமும் இல்லை.

மிகைப்படுத்துகிறேன் என்று நினைப்பவர்கள் 2023 டிசம்பர் 26 இரவை நினைத்துப் பாருங்கள். மணி பதினொன்றே முக்கால் வாக்கில், எண்ணூர் கோரமண்டல் இன்டர்நேஷனல் உரத் தொழிற்சாலைக்குக் கப்பலிலிருந்து அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு. கப்பல் வருவதற்கு முன் குழாயைக் குளிர்விக்கும் வேலை நடந்துகொண்டிருந்த நேரம். கரையை ஒட்டிய பெரியகுப்பமும் சின்னக்குப்பமும் தூக்கத்தில் இருந்தன. எங்களை எழுப்பியது சைரன் இல்லை, மூக்கெரிச்சல்தான் என்று மக்கள் அன்றைக்கே சொன்னார்கள். ஆட்டோ, பைக், லோடு வண்டி என்று கிடைத்ததில் ஏறி ஓடினார்கள். ஓட முடியாதவர்கள் நடந்தார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைகளுக்குப் போனார்கள். தொழிற்சாலை வாசலருகே காற்றில் அம்மோனியா ஒரு கன மீட்டருக்கு 2,090 மைக்ரோகிராம் என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அளந்தது. அனுமதிக்கப்பட்ட அளவு 400. கடல் நீரில் லிட்டருக்கு 5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, இருந்தது 49.

யாரும் சாகவில்லை. அது அதிர்ஷ்டம். அதைப் பாதுகாப்பு என்று கணக்கெழுதியதுதான் பிறகு நடந்த தவறு.

கசிவுக்கு என்ன காரணம்? டிசம்பர் 4ஆம் தேதி மிக்ஜாம் புயல் அடித்ததே, அந்த அலையில் குழாயைச் சுற்றியிருந்த கருங்கற்கள் புரண்டு குழாயைச் சேதப்படுத்தியிருக்கக்கூடும் என்று ஆராய்ந்த குழு சொன்னது. புயலுக்கும் கசிவுக்கும் இடையே மூன்று வாரம் இருக்கிறது. சென்னையே முழங்கால் தண்ணீரில் நின்ற புயல் அது. அதற்குப் பிறகு, ‘கடலுக்குள் ஆள் இறக்கிக் குழாயைப் பார்த்த பிறகுதான் அம்மோனியா விட வேண்டும்’ என்று கையெழுத்துப் போட்டு நிறுத்தி வைக்கும் அதிகாரம் யார் கையில் இருந்தது? ஆலை நிர்வாகமா, தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககமா, மாசுக் கட்டுப்பாட்டு வாரியமா, கடல்சார் வாரியமா? தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து வழக்கை எடுத்து, ஆலையை மறுபடி திறக்க இந்த மூன்று அரசு அமைப்புகளிடமும் தடையில்லாச் சான்று வாங்கச் சொன்னது. திறக்க மூன்று கையெழுத்து கேட்டார்கள், சரி. நிறுத்த யாருடைய ஒரு கையெழுத்து போதும்? அதைத்தான் ஊருக்கு யாரும் சொல்லவில்லை.

வடசென்னைக்கு ஆலை புதிதல்ல, புகையும் புதிதல்ல. கருவிகூட ஓரளவு வந்துவிட்டது. வராமல் இருப்பது பொறுப்பேற்கும் ஆள். அந்த ராத்திரிக்கு இவர்தான் தலைமை, இவர் சொல்வதைத்தான் போலீஸ், மாநகராட்சி, 108, ஆலை எல்லோரும் கேட்க வேண்டும் என்று பெயர் சொல்லிக் காட்டக்கூடிய ஒருவர். இயக்குநர், ஆணையர், ஆட்சியர் என்று பதவிகளுக்குப் பஞ்சமில்லை. இரவு பதினொன்றே முக்காலுக்கு அந்தப் பதவிகள் எல்லாம் வீட்டில் தூங்குகின்றன. விழித்திருப்பது ஷிப்டு ஆப்பரேட்டரும் ஒப்பந்தத் தொழிலாளியும்தான்.

போபாலில் 1984 டிசம்பர் 2 நள்ளிரவு நடந்ததும் இதுவே. வாயு எப்படிக் கசிந்தது என்று நாற்பது ஆண்டாகப் பேசுகிறோம். ஆட்கள் எப்படிக் குறைந்தார்கள் என்று அதிகம் பேசுவதில்லை. செலவைக் குறைக்க, வாயு கசிந்த பிரிவில் பன்னிரண்டு பேர் பார்த்த வேலையை ஆறு பேருக்குக் கொடுத்திருந்தார்கள். இரவு ஷிப்டின் பராமரிப்பு மேற்பார்வையாளர் பணியிடத்தையே எடுத்துவிட்டிருந்தார்கள். ஊருக்கான சைரன் சரியாக ஒலிக்கவில்லை. முகத்தில் ஈரத்துணி போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லவும் ஆளில்லை. விசாகப்பட்டினத்தில் 2020 மே 7 அதிகாலை ஸ்டைரீன் கசிந்தபோதும் சைரன் ஒலிக்கவில்லை. முப்பத்தாறு வருட இடைவெளியில் இரண்டு ஊர், ஒரே மௌனம்.

இனி நெட்டுக்குப்பத்துக்கு வருவோம். சென்னை மாநகராட்சியின் வட கோடி. கிழக்கே கடல். வடக்கே கொசஸ்தலை ஆற்றின் முகத்துவாரம். மேற்கே கழி. பெரிய சாலையைப் பிடிக்க வேண்டுமானால் தெற்கே, கத்திவாக்கம் பக்கம்தான் திரும்ப வேண்டும். அம்மோனியா ஆலையும் தெற்கேதான். காற்று தெற்கிலிருந்து அடிக்கும் மாதங்களில் கசிவு ஏற்பட்டால் இந்த ஊர் ஜனம் தப்பிக்க ஓட வேண்டிய பாதை, வாயு வரும் பாதை. வாடைக்காற்று அடிக்கும் ஐப்பசி, கார்த்திகையில் அந்த ஆபத்து எர்ணாவூருக்கும் திருவொற்றியூருக்கும் போகிறது. நெட்டுக்குப்பத்துக்கு ஆற்றின் அக்கரையிலிருக்கும் அனல்மின் நிலையத்தின் சாம்பல் வருகிறது. அக்கரையில் திருவள்ளூர் மாவட்டம், இக்கரையில் சென்னை மாவட்டம். கோப்புக்கு இந்த எல்லை தெரியும், காற்றுக்குத் தெரியாது.

வலை உலர்த்தும் இடத்தருகே ஏல மீன் வாங்க நின்றிருந்த ஒரு அம்மாவிடம் சைரனைப் பற்றிக் கேட்டேன். சிரித்துவிட்டார். “எந்தச் சைரன் தம்பி? காலைல ஒண்ணு ஊதுது, ஷிப்டு மாறுச்சுன்னா ஒண்ணு ஊதுது, சும்மா டெஸ்டுன்னு ஒண்ணு ஊதுது. கேசுக்கு ஊதுறது எதுன்னு எங்களுக்கு இன்னா தெரியும்?” பக்கத்தில் நைலான் வலையின் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்த பெரியவர் நிமிராமலேயே சொன்னார்: “காத்து கொண்டலா வாடையான்னு எங்களுக்குத் தெரியும். எந்தப் பக்கம் ஓடணும்னு நாங்களே பாத்துக்குவோம். போட்டு இருக்கு, அக்கரைக்குப் போயிடுவோம்.”

அந்தப் பெரியவர் சொன்னதை எந்த அவசரகாலத் திட்டத்திலாவது எழுதியிருக்கிறார்களா? படகில் கழியைக் கடப்பது இந்த ஊருக்கு உண்மையான தப்பிக்கும் வழி. காற்றைப் படிக்கத் தெரிந்தவர்கள் இங்கே தெருவுக்குப் பத்துப் பேர். இவ்வளவு பெரிய அனுபவத்தைப் ‘பாதிக்கப்படக்கூடிய மக்கள்’ என்ற ஒரே பத்தியில் அடைத்துவிட்டு, பேரிடர் மேலாண்மை என்று மாநாடு நடத்துகிறோம்.

ஆனால் இடர் வந்துவிட்டால் வேலைக்கு இவர்களைத்தான் கூப்பிடுவார்கள். அதே 2023 டிசம்பரில், அம்மோனியாவுக்கு மூன்று வாரம் முன்பு, மணலி சென்னை பெட்ரோலியம் ஆலைப் பக்கமிருந்து வெள்ளத்தோடு வந்த எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கழியில் இறங்கியது. எங்கள் குழாயில் கசிவில்லை என்பதுதான் ஆலையின் முதல் பதில். நெட்டுக்குப்பம், தாழங்குப்பம், காட்டுக்குப்பம் படகுகள் எல்லாம் கறுப்பு. அள்ளியது யார்? மீனவர்கள். முதல் நாட்களில் வெறுங்கையோடு, மக்கில் மொண்டு, பீப்பாயில் ஊற்றினார்கள். கையுறையும் பூட்சும் பின்னால் வந்தன. தோல் எரிச்சல், தலைசுற்றல், கண் எரிச்சல் என்றவர்களுக்கு மருத்துவ முகாம் போட்டார்கள். மீனவக் குடும்பத்துக்கு 12,500 ரூபாய், படகுக்கு 10,000, மற்றக் குடும்பங்களுக்கு 7,500 என்று நிவாரணமும் அறிவித்தார்கள். எண்ணெய் அள்ளிய ஒவ்வொருவர் பெயரையும் எழுதி வைத்து, வருடா வருடம் இரத்தமும் நுரையீரலும் சோதிக்க ஒரு பதிவேடு வேண்டும் என்பது மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. 2017 ஜனவரி 28இல் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே பிடபிள்யூ மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரண்டு கப்பல்கள் மோதியபோதும் இதே கதை. அன்றைக்கு எர்ணாவூரில் வாளியோடு வரிசையில் நின்றவர்களில் கல்லூரி மாணவர்களும் இருந்தார்கள். வேலைக்கு ஆள் என்றால் வந்துவிடுகிறார்கள். அந்த ஆளுக்கு யார் பொறுப்பு என்று கேட்டால்தான் ஒருவரும் இல்லை.

வெளியூரிலிருந்து வேலைக்கு வருபவருக்கும் இதே கதிதான். 2025 செப்டம்பர் 30 அன்று எண்ணூர் சிறப்புப் பொருளாதார மண்டல அனல்மின் நிலையக் கட்டுமானத்தில் இரும்பு வளைவுச் சாரம் சரிந்து ஒன்பது தொழிலாளர்கள் இறந்தார்கள். வடகிழக்கிலிருந்து, பெரும்பாலும் அசாமிலிருந்து வந்தவர்கள். வேலை ஒரு பொதுத்துறை நிறுவனத்துக்கு, அதன் கீழ் ஒப்பந்தக்காரர், அதன் கீழ் உள் ஒப்பந்தம், அதன் கீழ் ஆள் கூட்டி வரும் மேஸ்திரி என்பதுதான் இந்தப் பக்கத்தின் வழக்கம். பாதுகாப்பு உத்தரவு மேலிருந்து ஒவ்வொரு படியாக இறங்கும்போது தேய்ந்து, கடைசிப் படிக்கு வரும்போது ‘ஹெல்மெட் போடு’ என்ற இரண்டு சொல்லாகிவிடும். எச்சரிக்கைப் பலகை தமிழிலும் ஆங்கிலத்திலும். படிக்க வேண்டியவருக்குத் தெரிந்தது அசாமியோ ஒடியாவோ இந்தியோ. நெட்டுக்குப்பம், எர்ணாவூர், அத்திப்பட்டு வாடகை அறைகளில் ஒரு அறைக்கு எட்டுப் பேராகத் தங்கியிருக்கும் இவர்களுக்கு வாயு கசியும் இரவில் யார் கதவைத் தட்டுவார்கள்?

பள்ளிப் பிள்ளைகளையும் மறக்க வேண்டாம். 2024 அக்டோபர் 25ஆம் தேதி திருவொற்றியூரில் ஒரு பள்ளியில் ஏதோ வாடை வந்து முப்பதுக்கும் மேற்பட்ட மாணவிகள் மூச்சுத் திணறி மருத்துவமனைக்குப் போனார்கள். நவம்பர் 4ஆம் தேதி பள்ளியைத் திறந்தார்கள். அன்றே திரும்பவும் சில பிள்ளைகள் மயங்கினார்கள். அதிகாரிகள் காற்றை அளந்தார்கள். ஊரின் குழப்பம் தீரவில்லை. காரணம் தெரியாத நிலையில் திறக்கலாம் என்று முடிவெடுத்தது யார் என்று பெற்றோர் கேட்டதில் என்ன தவறு?

சட்டம் இல்லாமல் இல்லை. அபாயகர இரசாயனங்களுக்கான 1989ஆம் ஆண்டு விதிகளின்படி ஆலைக்குள் ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஒத்திகை. ஆலைக்கு வெளியே, அதாவது உங்கள் தெருவில், ஆண்டுக்கு ஒரு முறையாவது ஒத்திகை. என்ன ஆபத்து, என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது என்று சுற்றுவட்டார மக்களுக்குச் சொல்ல வேண்டியது ஆலையின் கடமை. போபாலுக்குப் பிறகு எழுதிய விதிகள் இவை. உங்கள் தெருவில் கடைசியாக எப்போது ஒத்திகை நடந்தது? ஆலை ஊழியர்கள் வாசலில் மஞ்சள் அங்கியோடு போட்டோ எடுத்துக்கொண்டதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

யாராவது வரும்வரை உங்கள் உயிர் உங்கள் பொறுப்பு. அதனால் சிலவற்றைத் தெரிந்துகொள்ளுங்கள். அம்மோனியா காற்றைவிட இலேசானதுதான். ஆனால் மைனஸ் 33 டிகிரிக் குளிரில் திரவமாக இருந்தது கசிந்தால், ஈரக் காற்றோடு கலந்து வெள்ளைப் பனிமூட்டமாகத் தரையோடு தவழும். அந்த மூட்டத்துக்குள் பைக்கை விடாதீர்கள், எவ்வளவு அவசரமானாலும். காற்றுக்கு எதிராகவும் வேண்டாம், காற்றோடும் வேண்டாம், குறுக்கே போங்கள். குறுக்கே கடலோ கழியோ இருந்து, படகும் இல்லையென்றால் வீட்டுக்குள்ளேயே கதவு ஜன்னலை அடைத்து, இடுக்கில் ஈரத்துணி திணித்து, ஃபேனையும் ஏசியையும் நிறுத்தி இருப்பது மேல். இந்த வாயு தண்ணீரில் சட்டென்று கரையும். அதனால்தான் கண், மூக்கு, தொண்டை என்று ஈரமுள்ள இடத்தை முதலில் தாக்குகிறது. அதனால்தான் மூக்கையும் வாயையும் மூடிய ஈரத்துண்டு ஓரளவு காப்பாற்றுகிறது. கண்ணில் பட்டால் பதினைந்து நிமிடம் விடாமல் நல்ல தண்ணீர். காரத்துக்குப் புளிப்பு மருந்து என்று எலுமிச்சைச் சாறு, வினிகர் ஊற்றும் கைவைத்தியம் இங்கே வேண்டவே வேண்டாம், கண் போய்விடும். துணியில் வாயு ஏறியிருந்தால் கழற்றிவிடுங்கள், வெட்கம் பார்க்க நேரமில்லை. மூச்சு சரியாகிவிட்டது என்று வீட்டுக்குத் திரும்பியவருக்குச் சில மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்துக்கொள்வது உண்டு. ஆஸ்துமாக்காரர், கைக்குழந்தை, கர்ப்பிணி, வயதானவர் என்றால் அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். ஸ்டான்லி மருத்துவமனை பன்னிரண்டு கிலோமீட்டருக்கு மேல்; நடுவில் எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் வரிசை நின்றால் ஆம்புலன்ஸும் நின்றுவிடும். 108ஐயும் மாவட்டப் பேரிடர் எண் 1077ஐயும் போனில் இன்றே பதிந்துகொள்ளுங்கள்.

சைரன் ஏறி இறங்கி ஊதினால் ஆபத்து, ஒரே சீராக நீண்டு ஊதினால் ஆபத்து நீங்கியது என்பது பொதுவான வழக்கம். உங்கள் பக்கத்து ஆலையின் வழக்கம் அதுதானா என்று கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு ஆலையும் ஒவ்வொரு மாதிரி ஊதினால் அந்த அம்மா சிரித்தது நியாயம்.

பொது சுகாதாரத்தில் தமிழ்நாடு பழம்பெருமை பேச உரிமையுள்ள மாநிலம். 1939லேயே பொது சுகாதாரச் சட்டம் போட்டோம், அதற்கென்றே தனிப் பணியாளர் அமைப்பு வைத்திருக்கிறோம். அந்தப் படை காலராவுக்கும் டெங்குவுக்கும் பழகியது, அம்மோனியாவுக்குப் பழகவில்லை. பழக்குவது கடினமும் இல்லை. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பெண் தன்னார்வலர் ஒருவருக்கு, எந்த வீட்டில் படுத்த படுக்கையாக ஒருவர் இருக்கிறார் என்பது ஆட்சியருக்குத் தெரிவதற்கு முன்பே தெரியும். நகர்ப்புற சுகாதார செவிலியருக்கு எந்தக் குழந்தைக்கு இழுப்பு என்று தெரியும். குப்பை வண்டிக்காரருக்கு எந்தச் சந்தில் வண்டி திரும்பாது என்று தெரியும். இவர்களில் பெரும்பாலோர் ஒப்பந்தத்திலோ ஊக்கத்தொகையிலோ காலம் தள்ளுபவர்கள். முகக்கவசமும் காப்பீடும் கொடுக்காமல் இவர்களை முன்னணி வீரர்கள் என்று புகழ்வது ஏமாற்று. கவசம், பயிற்சி, இரவுக்கான படி, காப்பீடு நான்கையும் கொடுத்துவிட்டு, மீனவப் பஞ்சாயத்தோடு சேர்த்து உட்கார வைத்தால் ஒரு தெருத் திட்டம் ஒரே மாலையில் தயாராகும்.

வடகிழக்குப் பருவம் தொடங்கும் முன் உங்கள் பகுதி சபைக் கூட்டத்தில் எழுந்து மூன்று கேள்வி கேளுங்கள். எங்கள் தெருவில் இந்த ஆண்டு ஒத்திகை எந்தத் தேதி? வாயு கசியும் இரவில் தலைமை வகிக்கப்போகும் அதிகாரியின் பெயர் என்ன, போன் எண் என்ன? புயலுக்குப் பிறகு கடலடிக் குழாயைப் பார்த்துச் சான்று தராமல் ஆலையை ஓட்டக் கூடாது என்று எழுத்தில் இருக்கிறதா? வாயால் பதில் சொன்னால் வாங்கிக்கொள்ளாதீர்கள். மனுவாகக் கொடுத்து, ரசீது எண் வாங்கி, முப்பது நாளில் பதில் வராவிட்டால் ஆட்சியர் அலுவலகத்துக்குத் தகவல் உரிமை மனு போடுங்கள். ஆலைக்கு வெளியே நடக்க வேண்டிய ஒத்திகைக்கு ஆட்சியர்தான் பொறுப்பு.