மலிவுக் கித்தாரில் இனிய நாதம்!

மகன் கித்தார் கேட்கிறான். அப்பா கடையில் விலை கேட்கிறார். வெளிநாட்டுக் கித்தாருக்கு லட்ச ரூபாய்க்கு மேல் சொல்கிறார்கள். "நமக்கு இது எதற்கு?" என்று வெறுங்கையோடு திரும்பி விடுகிறார்.

மதுரை கோச்சடையிலும் இது நடக்கும். எந்த ஊரிலும் நடக்கும்.

அப்பாக்களுக்கு ஒரு வார்த்தை. பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜா, 1976-ல் "அன்னக்கிளி" வருவதற்கு முன்பு, பிறர் இசையமைத்த படங்களுக்குக் கித்தார் வாசித்தவர்தான். அவர் பிறந்தபோது அந்த ஊர் மதுரை மாவட்டத்தைச் சேர்ந்தது. ஆகவே, கித்தார் என்றதும் முகம் சுளிக்க வேண்டாம்.

கொல்கத்தாவில் செய்யும் சாதாரணக் கித்தார் 5 ஆயிரம், 6 ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதில் நல்ல நாதம் வருமா? வரும். ஆனால் அதைக் கொஞ்சம் சீர்படுத்த வேண்டும். அப்படிச் சீர்படுத்துவதே ஒரு சுகம்!

நம் வித்வான்கள் செய்வது

இது வெள்ளைக்காரர் பழக்கம் என்று எண்ணாதீர்கள். கச்சேரிக்கு முன் மிருதங்க வித்வான் என்ன செய்கிறார்? ரவையைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து, இடது பக்கத் தோலில் அப்புகிறார். அப்போதுதான் "தொம்" என்று கனமான ஒலி வரும். நாதஸ்வரக்காரர் சீவாளியை ஊதிப் பார்க்கிறார். பிடிக்காவிட்டால் வேறு மாட்டுகிறார்.

நாதஸ்வரத்தின் நீளத்தையே மாற்றினார், திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை. நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரியின் கைத்திறனால் நீளமான "பாரி" நாதஸ்வரம் பிறந்தது. அதன் கம்பீரக் குரலுக்கு ஊரே மயங்கியது.

மாண்டலின் சிறுவன்

கித்தாருக்குத் தம்பி முறை, மாண்டலின். அதை வைத்துக்கொண்டு ஒரு சிறுவன் செய்ததைக் கேளுங்கள்.

ஆந்திராவில் பாலக்கொல்லு என்ற ஊர். 1969-ல் அங்கே பிறந்தவர் ஸ்ரீநிவாஸ். வீட்டில் அப்பாவின் மாண்டலின் இருந்தது. ஆறு வயதில் அதைக் கையில் எடுத்தார். குரு ருத்ரராஜு சுப்பராஜு. அவருக்கு மாண்டலின் வாசிக்கத் தெரியாது! அவர் பாடுவார். சிறுவன் அதைத் தந்தியில் தேடிப் பிடிப்பான்.

இதில் ஒரு தொல்லை இருந்தது. மாண்டலினில் எட்டுத் தந்திகள். இரண்டிரண்டாக நாலு ஜோடி. மீட்டினால் "டிங்" என்று ஒலித்து, உடனே அடங்கிவிடும். கர்நாடக சங்கீதத்துக்கு உயிர் கமகம் அல்லவா? சுரத்தை அசைத்து அசைத்து வாசிக்க வேண்டும். அசைப்பதற்குள் ஒலி செத்துவிட்டால் என்ன செய்வது? ஜோடித் தந்தியைச் சேர்த்து இழுப்பதும் கஷ்டம்.

ஸ்ரீநிவாஸ் மின்சார மாண்டலினுக்கு மாறினார். ஜோடித் தந்திகளுக்குப் பதில் ஒற்றைத் தந்தி போட்டார். ஐந்தாவதாக ஒரு தந்தியும் சேர்த்தார். நாதம் நீண்டது. கமகம் குழைந்தது. கீழ் ஸ்தாயியும் கைக்கு வந்தது.

1981-ல் சென்னையில் கச்சேரி. அவருக்கு வயது 12. "மாண்டலினில் கீர்த்தனையா?" என்று முணுமுணுத்தவர்கள் உண்டு. சபை ஒதுக்கியிருந்தால் அத்தனை உழைப்பும் வீண். ஆனால் சபை ஏற்றது. வாத்தியத்தின் பெயரே அவருடைய பெயரோடு ஒட்டிக்கொண்டது. 1998-ல் "மாண்டலின்" ஸ்ரீநிவாசுக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 2014-ல், 45 வயதிலேயே, அவர் காலமானது பெரிய இழப்பு.

தீக்குச்சியும் சட்டைப் பொத்தானும்

லண்டனில் பிரையன் மே என்ற பையனுக்கு மின்சாரக் கித்தார் ஆசை. வாங்கப் பணம் இல்லை. 1963-ல் தந்தையும் மகனும் சேர்ந்து தாங்களே செய்ய ஆரம்பித்தார்கள்.

குளிர்காயும் கணப்பின் மேலிருந்த பழைய பலகை, கித்தாரின் கழுத்து ஆயிற்று. அதில் பூச்சி அரித்த ஓட்டைகள். தீக்குச்சியைச் செருகி அடைத்தார்கள்! பழைய மோட்டார் சைக்கிளின் ஸ்பிரிங்குகள், தையல் பெட்டியிலிருந்த சட்டைப் பொத்தான்கள், கம்பளி பின்னும் ஊசியின் நுனி, எல்லாம் அதில் இடம் பிடித்தன. மொத்தச் செலவு சுமார் 8 பவுன்.

பிரையன் மே பிறகு "குயின்" இசைக்குழுவில் உலகப் புகழ் பெற்றார். 2007-ல் வான்இயலில் டாக்டர் பட்டமும் வாங்கினார். தந்தியை மீட்ட அவர் எடுப்பது ஆறு பென்னி நாணயம். கித்தார்? அதே வீட்டுக் கித்தார்தான்.

வீட்டில் என்ன செய்யலாம்?

மலிவுக் கித்தாரில் முதல் குறை, தந்திகள் மிக உயரத்தில் இருப்பது. அழுத்தினால் விரல் எரியும். பையன் ஒரே வாரத்தில் அதைப் பரணில் போட்டுவிடுவான்.

பல கித்தார்களில், தந்திகள் வந்து சேரும் இடத்தில் ஒரு வெள்ளைப் பட்டை செருகியிருக்கும். தந்திகளைத் தளர்த்திவிட்டு அதை உருவுங்கள். சமமான தரையில் உப்புத்தாளை விரித்து, பட்டையின் அடிப்பக்கத்தைத் தேயுங்கள். மேல்பக்கத்தைத் தொடாதீர்கள். அவசரமும் வேண்டாம். 2 மில்லிமீட்டர் தேய்த்தால், 12-வது மெட்டின் மேல் தந்தி 1 மில்லிமீட்டர்தான் இறங்கும். கொஞ்சம் தேய்த்து, மாட்டி, வாசித்துப் பாருங்கள். தந்தி மெட்டில் பட்டு "ஜிர்" என்று இரைந்தால் அளவு மீறிவிட்டது. பட்டைக்கு அடியில் தடித்த காகிதத் துண்டு வைத்தால் தந்தி மறுபடி உயரும்.

அடுத்தது சுதி. முடுக்கும்போது தந்தி "டக்" என்று குதிக்கிறதா? தலைப்பக்கத்தில் தந்தி படியும் பள்ளங்களில் பென்சில் முனையைத் தேயுங்கள். கரி வழுக்கும். தந்தி சிக்காமல் நகரும். புதிதாக மாட்டிய தந்தியை லேசாக இழுத்துவிட்டுச் சுதி சேர்க்க வேண்டும். மெல்லிய தந்தி போட்டால் பிஞ்சு விரல்களுக்குச் சுகம். ஆனால் நாதம் சற்று மெலியும். எது தேவை என்பதை உங்கள் காதுதான் சொல்ல வேண்டும்.

காசில்லாத வித்தை ஒன்றும் உண்டு. பட்டைக்குப் பக்கத்தில் மீட்டினால் நாதம் கூர்மையாக வரும். நடு ஓட்டைக்கு மேல் மீட்டினால் குழைந்து வரும். நகத்தால் மீட்டினால் ஒரு குரல், விரல் சதையால் மீட்டினால் வேறு குரல்.

சித்திரை வெயிலில் மதுரை எப்படிக் கொதிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. தகரக் கூரைக்கு அடியிலோ, பூட்டிய காருக்குள்ளோ கித்தாரை வைத்தால் பசை இளகிவிடும், மரம் வளைந்துவிடும். வெளியூர் போகும்போது தந்திகளைக் கொஞ்சம் தளர்த்தி, உறையில் போட்டு, நிழலான மூலையில் வையுங்கள்.