உங்கள் கைக்கடிகாரம் ஒரு நாளில் எத்தனை வினாடி தவறுகிறது?

தேர்வு மண்டபத்துக்குள் கைப்பேசியைக் கொண்டு போக முடியாது. அந்த இரண்டு மணி நேரத்துக்காவது உங்களுக்கு ஒரு கைக்கடிகாரம் வேண்டும். வீட்டு அலமாரியைத் துழாவிப் பாருங்கள். அப்பா கட்டி விட்ட ஒரு சீக்கோ 5 கிடைக்கலாம். ஊரிலிருந்து உறவினர் கொண்டுவந்து தாத்தாவுக்குக் கொடுத்த எச்எம்டி ஒன்றுகூடக் கிடைக்கலாம். எடுத்துக் குலுக்கினால், அல்லது சாவி கொடுத்தால், அது ஓடத் தொடங்கிவிடும். மறுநாள் பார்த்தால் அரை நிமிடம் முந்தியிருக்கும். ஒரு வாரத்தில் மூன்று நிமிடத்துக்கு மேல் முந்திவிடும். "பழசு, அப்படித்தான் இருக்கும்" என்று திரும்ப அலமாரியில் வைத்துவிடாதீர்கள். அந்தத் தவற்றை அளக்கலாம். பல நேரங்களில் திருத்தவும் செய்யலாம்.

முதலில் இரண்டு வேலைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். முள்ளை நகர்த்தி நேரம் வைப்பது ஒன்று. கடிகாரம் ஓடும் வேகத்தைத் திருத்துவது வேறொன்று. 1981 டிசம்பர் 31 இரவு 11.30 மணிக்குத் தீபகற்ப மலேசியாவில் எல்லாரும் கடிகார முள்ளை அரை மணி நேரம் முன்னே தள்ளி 12 ஆக்கினார்கள். சபா, சரவாக் நேரத்தோடு நம் நேரம் ஒன்றானது அன்றுதான். தாத்தா பாட்டியைக் கேட்டால் சொல்வார்கள். அன்று நாடே செய்தது முதல் வேலை. எந்தக் கடிகாரத்தின் வேகமும் அன்று மாறவில்லை. முந்திக்கொண்டிருந்தது மறுநாளும் முந்திக்கொண்டுதான் இருந்திருக்கும். பக்கவாட்டில் இருக்கும் சாவிக் குமிழால் முதல் வேலையை மட்டுமே செய்ய முடியும். இரண்டாவது வேலைக்குப் பின்மூடியைத் திறந்தாக வேண்டும். திறப்பதற்கு முன்னால் ஒரு வாரம் அளக்க வேண்டும்.

அளப்பதற்குக் கைப்பேசி நேரமே போதும். அது இணையம் வழியாகத் தன்னைச் சரிசெய்துகொள்கிறது. நம் நாட்டின் அதிகாரப்பூர்வ நேரத்தைச் சிப்பாங்கில் உள்ள தேசிய அளவியல் கழகம் அணுக் கடிகாரங்களைக் கொண்டு காத்து வருகிறது. கைப்பேசி காட்டும் நேரம் நம் தேவைக்கு அதிலிருந்து வேறுபடாது. காலை 7 மணிக்கு உங்கள் கடிகாரத்தைக் கைப்பேசியோடு வினாடி சுத்தமாக ஒப்பிட்டு, எத்தனை வினாடி முந்தியது அல்லது பிந்தியது என்று நோட்டில் எழுதுங்கள். மறுநாளும் அதே நேரத்தில் ஒப்பிடுங்கள். இடையில் முள்ளைத் தொடக்கூடாது. சாவி கொடுக்கும் கடிகாரமானால் ஒவ்வொரு நாளும் அதே நேரத்தில் முழுச் சாவி கொடுங்கள். தானியங்கிக் கடிகாரமானால் பகல் முழுவதும் கையில் கட்டியிருங்கள். இரவில் எப்படி வைப்பீர்களோ தினமும் அப்படியே வையுங்கள்.

ஐந்து நாள் கழித்து நோட்டில் என்ன இருக்கும்? எடுத்துக்காட்டாக இரண்டு கடிகாரங்களைப் பார்ப்போம். முதல் கடிகாரம் முந்திய வினாடிகள் நாள்தோறும் 38, 39, 37, 39, 37. சராசரி 38. இரண்டாவது கடிகாரம் முதல் நாள் 5 வினாடி முந்தியது, அடுத்த நாள் 25 வினாடி பிந்தியது, பிறகு 52 முந்தியது, 4 பிந்தியது, கடைசியில் 40 பிந்தியது. ஐந்து நாளின் சராசரியைக் கணக்கிட்டால் நாளுக்கு 2.4 வினாடி பிந்தல்தான்.

எது நல்ல கடிகாரம்? சராசரியை மட்டும் பார்த்தால் இரண்டாவதுதான் என்று தோன்றும். ஆனால் கடிகாரக்காரர் கையில் கொடுத்தால் அவர் முதலாவதைத்தான் விரும்புவார். அது தவறுகிறது, ஆனால் தினமும் ஒரே அளவில் தவறுகிறது. ஒரே அளவில் வரும் தவற்றை ஒரே ஒரு திருத்தத்தால் நீக்கிவிடலாம். இரண்டாவதின் தவறு ஒரு நாள் இருப்பதுபோல் மறுநாள் இல்லை. அதை எந்தப் பக்கம் திருத்துவது? அறிவியல் பாடத்தில் முறையான பிழை, தற்போக்குப் பிழை என்று படிக்கிறீர்களே, அது இதுதான். இரண்டாவது கடிகாரத்துக்கு எண்ணெய் காய்ந்திருக்கலாம், தூசி புகுந்திருக்கலாம். அதற்குத் தேவை வேகத் திருத்தமல்ல, கழற்றிச் சுத்தம் செய்வது. அதைக் கடையில் விட்டுவிடுங்கள். இனி நாம் பேசப் போவது முதல் கடிகாரத்தைப் பற்றி மட்டும்.

38 வினாடி என்றால் என்ன? ஒரு நாளில் 86,400 வினாடிகள். அதில் 38 என்பது 0.044 விழுக்காடு. உங்கள் அளவுகோலில் ஒரு மீட்டரை அளந்து அரை மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தவறினால் எப்படியோ, அப்படி. இன்றைய சீக்கோ 5 ஸ்போர்ட்ஸ் கடிகாரங்களில் இருக்கும் 4ஆர்36 இயந்திரம் நாளுக்கு 45 வினாடி வரை முந்தலாம், 35 வினாடி வரை பிந்தலாம் என்று சீக்கோ நிறுவனமே எழுதி வைத்திருக்கிறது. ஆகவே 38 வினாடி முந்துவது பழுதே அல்ல. இருபது ரிங்கிட் குவார்ட்ஸ் கடிகாரம் இதைவிடத் துல்லியமாக ஓடும் என்பதும் உண்மை. அதன் உள்ளே இருக்கும் படிகம் வினாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. ஆனால் அந்த அதிர்வை உங்களால் பார்க்க முடியாது. இயந்திரக் கடிகாரத்தில் நேரம் உண்டாவதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

பல சீக்கோ 5 கடிகாரங்களின் பின்மூடி கண்ணாடியால் ஆனது. திருப்பிப் பாருங்கள். ஒரு சிறிய சக்கரம் இடமும் வலமுமாக விடாமல் ஆடிக்கொண்டிருக்கும். அதுதான் பேலன்ஸ் சக்கரம். அதன் நடுவே தலைமுடியைப் போல் மெல்லிய ஒரு சுருள்வில் இருக்கும். ஹேர்ஸ்பிரிங் என்பார்கள். சக்கரம் ஒரு பக்கம் திரும்பினால் சுருள்வில் அதைத் திரும்ப இழுக்கும். அது நடுவைத் தாண்டி மறுபக்கம் போகும், மீண்டும் இழுக்கப்படும். எவ்வளவு அதிகமாகத் திரும்புகிறதோ அவ்வளவு பலமாக இழுக்கப்படும் என்பது ராபர்ட் ஹூக்கின் விதி. நெதர்லாந்து அறிஞர் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் 1656இல் ஊசல் கடிகாரத்தை உருவாக்கியவர். சுவரில் தொங்கும் ஊசலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நடக்க முடியாது அல்லவா? 1675இல் ஊசலின் இடத்தில் சுருள்வில்லை வைத்துக் கடிகாரம் செய்தார். அந்த எண்ணம் முதலில் எனக்குத்தான் வந்தது என்று ஹூக் சண்டைக்கு வந்தது தனிக் கதை.

4ஆர்36இல் இந்தச் சக்கரம் மணிக்கு 21,600 முறை, அதாவது வினாடிக்கு 6 முறை 'டிக்' என்கிறது. ஒரு நாளில் 5,18,400 'டிக்'. 38 வினாடி முந்துகிறது என்றால் நாள் முழுவதிலும் 228 'டிக்' அதிகமாக அடிக்கிறது, அவ்வளவுதான். பெங்களூரில் 1961 முதல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத் தொழில்நுட்பத்தோடு கைக்கடிகாரம் செய்த எச்எம்டியின் 'ஜனதா' இன்னும் நிதானமானது. வினாடிக்கு 5 'டிக்'. அந்தக் கடிகாரப் பிரிவை மூட 2016இல் இந்திய அரசு முடிவெடுத்துவிட்டது. உங்கள் வீட்டில் ஒன்று இருந்தால் பத்திரமாக வைத்திருங்கள்.

இந்த வேகத்தை எப்படி மாற்றுவது? ஊசல் பரிசோதனை செய்திருப்பீர்கள். கயிற்றின் நீளம் நான்கு மடங்கானால் அலைவு நேரம் இரண்டு மடங்காகும். அலைவு நேரம் நீளத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. சுருள்வில்லும் அப்படியே. நீண்ட வில் மெத்தென்று இழுக்கும், சக்கரம் மெதுவாக ஆடும். குட்டையான வில் விறைப்பாக இழுக்கும், சக்கரம் வேகமாக ஆடும். சுருள்வில்லின் வெளிநுனிக்கு அருகே இரண்டு சிறு ஊசிகள் அதைக் கவ்வியபடி நிற்கும். அந்த ஊசிகளைத் தாங்கும் சிறிய நெம்புகோலுக்குத்தான் ரெகுலேட்டர் என்று பெயர். வீணைத் தந்தியில் மெட்டுக்கு மெட்டு விரல் நகர்ந்தால் அதிரும் நீளம் மாறுகிறதே, அதைப் போல ரெகுலேட்டரை நகர்த்தினால் ஆடும் சுருள்வில்லின் நீளம் மாறுகிறது.

எவ்வளவு நகர்த்த வேண்டும்? கணக்குப் போடலாம். வர்க்கமூலத் தொடர்பு என்பதால் வேகத்தை 0.044 விழுக்காடு குறைக்க நீளத்தை அதன் இரு மடங்கு, அதாவது 0.088 விழுக்காடு கூட்ட வேண்டும். சுருள்வில்லை நீட்டினால் 10 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட்ட வேண்டிய நீளம் 0.09 மில்லிமீட்டருக்கும் குறைவு. ஏறக்குறைய உங்கள் தலைமுடி ஒன்றின் தடிமன்! கடிகாரத்தைக் கெடுத்துக்கொள்பவர்கள் பெரும்பாலும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காதவர்கள்தான்.

இனிப் பின்மூடி. தாத்தாவின் கடிகாரத்தில் கைவைப்பதற்கு முன்னால், ஓடாத பழைய கடிகாரம் ஒன்றை வாங்கிப் பழகுங்கள். செலாயாங்கைச் சுற்றியுள்ள இரவுச் சந்தைகளில் பழைய பொருள் விற்பவர்களிடம் கேட்டுப் பார்க்கலாம். வீட்டில் பெரியவர் ஒருவரையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மேசையில் வெள்ளைத் தாளை விரியுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் தூசியெல்லாம் உள்ளேதான் போகும். மாலை மழை பெய்து காற்று ஈரமாக இருக்கும் நேரம் வேண்டாம். சில மூடிகள் அழுத்திப் பொருத்தியவை. ஓரத்தில் ஒரு சிறு பள்ளம் இருக்கும், அங்கே தட்டையான முனையை வைத்து நெம்பினால் திறக்கும். திருகு மூடியானால் பிசுபிசுப்பான ரப்பர்ப் பந்தை அழுத்தி இடப்பக்கம் திருப்பிப் பாருங்கள். அசையாவிட்டால் கடைக்காரரிடம் போவதே நல்லது. கத்தியால் முயன்று விரலை வெட்டிக்கொள்ள வேண்டாம். மூடிக்குள் இருக்கும் ரப்பர் வளையம் தொலையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒருமுறை திறந்த கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு நீச்சல் குளத்தில் இறங்காதீர்கள்.

பேலன்ஸ் சக்கரத்தின் மேல் பாலம் போல ஒரு தகடு இருக்கும். அதன் மேல்தான் ரெகுலேட்டர். பக்கத்தில் + − குறிகள் இருக்கும். பழைய கடிகாரங்களில் எஃப், எஸ் அல்லது ஏ, ஆர் என்ற ஆங்கில எழுத்துகள் இருக்கலாம். எஃப், ஏ இரண்டும் வேகம் கூட்டும் பக்கம், எஸ், ஆர் குறைக்கும் பக்கம். நம் முதல் கடிகாரம் முந்துவதால் − பக்கம் தள்ள வேண்டும். ஒன்றைக் கவனியுங்கள். சீக்கோ போன்ற கடிகாரங்களில் அங்கே ஒன்றல்ல, இரண்டு நெம்புகோல்கள் இருக்கும். இரண்டாவது, சுருள்வில்லின் வெளிநுனியையே பிடித்திருப்பது. அதை நகர்த்திவிட்டால் 'டிக்'குக்கும் 'டாக்'குக்கும் இடைவெளி மாறி, கடிகாரம் நொண்டி நொண்டி ஓடும். எது எது என்று உறுதியாகத் தெரியாதவரை தொடாதீர்கள்.

மரத்தால் ஆன பல்குத்தும் குச்சியை எடுங்கள். இரும்பு ஊசி வேண்டாம். ஊசி வழுக்கிச் சுருள்வில்லில் பட்டால் அது கோணிவிடும். பிறகு உங்களாலும் என்னாலும் சரிசெய்ய முடியாது. குச்சியின் முனையால் ரெகுலேட்டரை நகர்ந்ததா இல்லையா என்று ஐயப்படும் அளவுக்கு மட்டும் தள்ளுங்கள். மூடியை மூடி, கைப்பேசியோடு நேரம் வைத்து, 24 மணி நேரம் காத்திருங்கள். பொறுமை இல்லாதவர்கள் பத்து நிமிடத்தில் மீண்டும் திறப்பார்கள். பத்து நிமிடத்தில் 38 வினாடித் தவறு கால் வினாடிதான், அதை முள்ளில் எப்படிப் பார்ப்பது? மறுநாள் 38 என்பது 15 ஆகியிருந்தால், அந்தத் தள்ளல் 23 வினாடியை நீக்கியிருக்கிறது. அடுத்து அதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் சற்றுக் குறைவாகத் தள்ளினால் போதும். பிந்தத் தொடங்கிவிட்டால் கொஞ்சம் + பக்கம் தள்ளுங்கள். நாளுக்கு 10 வினாடிக்குள் வந்துவிட்டால் நிறுத்திக்கொள்ளலாம் என்பது என் கருத்து. அதற்கு மேல் துரத்தினால் மூடியைத் திறந்து திறந்து தூசிதான் சேரும்.

சரியாக ஓடிய கடிகாரம் திடீரென்று நாளுக்குப் பல நிமிடம் முந்தத் தொடங்கினால் ரெகுலேட்டரைத் தொடாதீர்கள். ஒலிபெருக்கி, கைப்பை மூடியின் காந்தம் போன்றவற்றின் அருகே இருந்து சுருள்வில் காந்தமாகியிருக்கலாம். காந்தமான சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், வில் குட்டையானதுபோல் ஆகிவிடும். திசைகாட்டியைப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பாருங்கள். ஊசி வழக்கத்துக்கு மாறாக ஆடினால் காந்தம்தான். கடைக்காரரிடம் காந்தம் நீக்கும் கருவி இருந்தால் சில வினாடி வேலை.

மிச்சம் இருக்கும் ஆறேழு வினாடிக்கு மூடியைத் திறக்காமலே ஒரு வழி இருக்கிறது. கடிகாரம் படுத்திருக்கும்போது பேலன்ஸ் சக்கரத்தின் அச்சு பம்பரத்தைப் போல் முனையில் சுழல்கிறது. நிமிர்த்தி வைத்தால் அச்சின் பக்கவாட்டு உரசுகிறது. உராய்வு மாறுவதால் வேகமும் சற்று மாறும். ஓர் இரவு முகப்பு மேலே பார்க்கும்படி வையுங்கள். மறு இரவு சாவிக் குமிழ் மேலே இருக்கும்படி நிறுத்தி வையுங்கள். மூன்றாம் இரவு குமிழ் கீழே. ஒவ்வொரு முறையும் இரவு 10 மணிக்கும் காலை 6 மணிக்கும் ஒப்பிட்டு எழுதுங்கள். பகலில் முந்துவதை எந்த நிலை இரவில் ஈடுகட்டுகிறதோ, இனி அப்படியே வைத்துவிட்டுத் தூங்கப் போங்கள்.