குளியலறை வடிகாலில் துர்நாற்றமா?

குளியலறை வடிகாலிலிருந்து துர்நாற்றம் வீசுவதற்குப் பெரும்பாலும் பின்வரும் காரணங்களுள் ஒன்றே அடிப்படையாக அமைகிறது.

நீர் வற்றுதல்: ஒவ்வொரு கழுவு தொட்டியின் அடியிலும் வளைந்த குழாய் ஒன்று உண்டு. அதில் தேங்கி நிற்கும் நீரே கழிவுக்குழாயின் வாயு வீட்டினுள் புகாமல் தடுக்கிறது. பல வாரங்கள் பயன்படுத்தாவிடில் அந்நீர் வற்றிவிடும். தண்ணீரைச் சிறிது நேரம் திறந்துவிட்டால் போதுமானது.

அழுக்குப் படிதல்: வடிகால் மூடியைக் கழற்றி, கையுறை அணிந்து, தலைமுடியையும் சவர்க்காரப் படிவையும் அகற்றவும். பின்னர் சுடுநீர் ஊற்றவும்.

எச்சரிக்கை: பிளீச்சையும் அமிலம் கலந்த துப்புரவுத் திரவத்தையும் ஒருபோதும் சேர்த்து ஊற்ற வேண்டாம். நச்சுத்தன்மையுள்ள குளோரின் வாயு உண்டாகும்.

குழாயில் வெடிப்போ கசிவோ இருந்தால்: இங்கிலாந்தில், 7 ஆண்டுகளுக்குக் குறைந்த வாடகை ஒப்பந்தங்களில், கழிவுக்குழாய்களையும் கழுவு தொட்டிகளையும் பழுதுபார்த்துப் பேணுவது வீட்டு உரிமையாளரின் கடமையாகும் (வீட்டு உரிமையாளர், வாடகையாளர் சட்டம் 1985, பிரிவு 11). பொதுவாக, அச்செலவை வாடகையாளர் ஏற்க வேண்டுமென ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருப்பினும் அது செல்லாது. ஆயினும் அன்றாடத் துப்புரவு உங்கள் பொறுப்பே.

வீட்டினுள் ஏற்பட்ட பழுதை உரிமையாளர் அறிந்த பின்னரே அவரது கடமை தொடங்கும். ஆகவே வாய்மொழியாகக் கூறுவதோடு நில்லாது, எழுத்து மூலம் அறிவித்து, திகதியிட்ட பிரதியொன்றைப் பாதுகாத்து வைக்கவும். அதன் பின்னரும் பழுது நீக்கப்படாவிடில், மாநகர சபையின் வீடமைப்புப் பிரிவில் முறையிடலாம்.