வண்டிக்குள் புகுந்த நிஜ மவுஸ்!

'மவுஸ்' என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் டபுள் கிளிக் செய்யத் தெரியாமல் தவித்ததுதானே? எனக்கோ இப்போதெல்லாம் அந்த வார்த்தையைக் கேட்டால் எங்கள் வீட்டுக் கார்தான் ஞாபகத்துக்கு வருகிறது. காரணத்தைச் சொல்கிறேன். கார் இல்லாதவர்களும் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். கடைசியில் உங்கள் சி.பி.யு.வுக்கும் ஒரு சேதி இருக்கிறது.

நான் சென்னையில் சாப்ட்வேர் இன்ஜினியர். பெற்றோர் இருப்பது புதுச்சேரியில், பெரிய மார்க்கெட்டுக்கு நடந்து போகிற தூரத்தில். பழைய காலத்து வீடு. திண்ணை உண்டு, தாழ்வாரம் உண்டு, கார் நிறுத்த மட்டும் இடம் கிடையாது. தெருவில் சுவரோரமாகத்தான் நிறுத்துவோம்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை. காரை முன்கூட்டியே தெருவின் மேட்டுப் பகுதியில் நிறுத்தியிருந்ததால் தண்ணீர் தொடவில்லை. தப்பித்தோம் என்று நினைத்தோம். ஆனால் வளைக்குள் வெள்ளம் புகுந்தால் எலியும் மேடான, காய்ந்த இடத்தைத் தேடும் அல்லவா? அதை நாங்கள் யோசிக்கவில்லை. அப்பா இரண்டு வாரம் வண்டியை எடுக்கவே இல்லை.

அப்பாவின் கண்புரை ஆபரேஷனுக்காக நான் ஊருக்கு வந்தேன். காலை 7 மணிக்கு ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். சாவியைத் திருப்பினேன். ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றியது, இன்ஜின் மட்டும் பிடிக்கவில்லை. பத்து முறை முயன்று பார்த்துவிட்டு ஆட்டோவைத் தேடி ஓடினேன். போய்ச் சேர்வதற்குள் எங்கள் முறை தவறிவிட்டது. சர்க்கரை நோயாளியான அப்பா பிற்பகல் வரை காத்திருந்தார். ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது.

புதுச்சேரியில் மைனஸ் 40 டிகிரி!

மறுநாள் பானெட்டைத் திறந்தேன். இன்ஜின் மேலே தேங்காய் நார், கந்தல் துணி, பிஸ்கட் கவர், ஒரு கருவாட்டுத் தலை! அழகாகக் கூடு கட்டிக் குடித்தனமே நடந்திருக்கிறது.

இப்போதைய கார் என்பது சக்கரம் வைத்த கம்ப்யூட்டர்தான். இன்ஜினை நடத்துவது இ.சி.யு. என்ற சிறிய கம்ப்யூட்டர். அதற்குக் கீபோர்டு கிடையாது, சென்சார்கள் உண்டு. காற்றின் வெப்பம் என்ன, இன்ஜின் எந்த வேகத்தில் சுற்றுகிறது என்பதையெல்லாம் அவை ஒயர் வழியாகச் சொல்லிக்கொண்டே இருக்கும். ஒரு காருக்குள் இப்படிப் பல கம்ப்யூட்டர்கள் இருப்பதால், அவை பேசிக்கொள்ள 'கேன்' என்ற நெட்வொர்க்கும் உண்டு. பாஷ் நிறுவனம் 1986-ல் அறிமுகப்படுத்திய இது, பின்னிய இரண்டே ஒயர்களில் ஓடுகிறது. அந்த ஒயரில் எலி பல் வைத்தால் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

பி.எஸ். 4 விதிகளின்படி வந்த கார்களில் ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 பின் கொண்ட ஓ.பி.டி. சாக்கெட் இருக்கும். அதில் தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய புளூடூத் ஸ்கேனரைச் செருகினால், கார் சொல்லும் எரர் மெசேஜை செல்போனிலேயே படிக்கலாம். என்னிடம் ஒன்று இருந்தது. செருகினேன். இரண்டு கோட்கள் வந்தன: பி 0113, பி 0335.

அதோடு காற்றின் வெப்பநிலை என்ற இடத்தில் மைனஸ் 40 டிகிரி என்று காட்டியது! புதுச்சேரியில் 20 டிகிரிக்கு இறங்கினாலே நாங்கள் போர்வையைத் தேடுவோம்.

விஷயம் இதுதான். வெப்பநிலை சென்சாரில் குளிர் கூடக் கூட மின்தடையும் கூடும். ஒயர் அறுந்தால் மின்தடை எல்லையே இல்லாமல் போகும். இ.சி.யு. அதைக் கடுங்குளிர் என்று நினைத்துக்கொள்கிறது. ஓ.பி.டி. முறையில் வெப்பநிலைக்கு ஒதுக்கியிருப்பது ஒரே ஒரு பைட். அதாவது 0 முதல் 255 வரை. அதிலிருந்து 40-ஐக் கழித்துக்கொள்ள வேண்டும். ஆக, மிகக் குறைந்த அளவு மைனஸ் 40. பைட் என்றால் என்ன என்று படித்தபோது 'இது எதற்கு உதவப் போகிறது' என்று நினைத்தீர்களா? இதற்குத்தான்!

பி 0335 என்பது கிராங்க் சென்சாரைக் குறிக்கும். இன்ஜின் சுற்றுகிறதா என்பதைச் சொல்வது அதுதான். அதன் ஒயர் அறுந்தால் ஸ்டார்ட்டர் எவ்வளவு சுற்றினாலும் இன்ஜின் பிடிக்காது. எங்களை ஆட்டோவுக்கு ஓடவைத்தது இந்த ஒயர்தான்.

மெக்கானிக் அண்ணன் வந்தார். போனில் இருந்த கோட்களைப் பெருமையாகக் காட்டினேன். "கம்ப்யூட்டர் எல்லாம் சரி தம்பி, டார்ச் அடிச்சுக் கீழ பாருங்க" என்றார். ஒயரில் பல் தடம் பளிச்சென்று தெரிந்தது. சால்டர் வைத்து, ஸ்லீவ் மாட்டி, இரண்டு மணி நேரத்தில் சரி செய்தார். கிளம்பும்போது அவர் சொன்னதுதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது: "ஒயரோட விட்டுச்சே, அதிர்ஷ்டம். பெட்ரோல் ஹோஸைக் கடிச்சிருந்தா என்ன ஆகியிருக்கும்?"

எலி ஏன் ஒயரைக் கடிக்கிறது?

பசிக்காக மட்டுமல்ல. எலியின் முன்பற்கள் ஆயுள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும். எதையாவது கொறித்துத் தேய்த்தே ஆக வேண்டும். சோயாவிலிருந்து செய்த ஒயர் உறைதான் எலியை இழுக்கிறது என்று சொல்லி, அமெரிக்காவில் 2016-ல் கார் கம்பெனிகள் மேல் வழக்கே போட்டார்கள். ஆனால் நம் வீட்டுப் பழைய பிளாஸ்டிக் ஒயரையும் எலி விட்டுவைத்ததில்லை. அதைக் காருக்கு வரவழைப்பது இருட்டு, கதகதப்பு, ஆள் நடமாட்டம் இல்லாத அமைதி. சுருக்கமாகச் சொன்னால், ஓடாத வண்டி எலிக்கு வாடகையில்லாத வீடு. அந்த வசதிகளை எடுத்துவிடுவதுதான் உண்மையான வைத்தியம்.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. இரண்டு நாளுக்கு ஒரு முறையாவது வண்டியை எடுங்கள். முடியாவிட்டால் பானெட்டைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். பத்திரமான இடமாக இருந்தால் இரவில் பானெட்டைத் தூக்கியே வைக்கலாம். வெளிச்சமும் காற்றும் வரும் இடத்தில் எலி கூடு கட்டத் தயங்கும்.

2. காருக்குள் முறுக்குத் தூள், பிஸ்கட் துண்டு, காய்கறிப் பை, அரிசி மூட்டை எதுவும் இரவில் தங்கக்கூடாது. குப்பைத் தொட்டி, விறகுக் குவியல், செடிப் புதர் ஆகியவற்றின் பக்கத்தில் நிறுத்தாதீர்கள்.

3. ஏ.சி.யில் வெளிக்காற்று, உள்காற்று என்று இரண்டு நிலை உண்டு. வண்டியை நிறுத்தும் முன் உள்காற்று நிலைக்கு மாற்றுங்கள். எலி உட்காரும் இடத்துக்கு வரும் முக்கியமான வழி அடைபடும்.

4. அரை அங்குல ஓட்டையில் எலி நுழையும். சுண்டெலிக்குக் கால் அங்குலம் போதும். ஆகவே கால் அங்குலத்துக்கும் குறைவான கண்ணுள்ள கம்பி வலையை, காற்று நுழையும் துவாரங்களில் மெக்கானிக்கை வைத்துப் பொருத்துங்கள். சூடாகும் பாகத்தையோ சுழலும் பாகத்தையோ தொடாமல் பொருத்த வேண்டும்.

5. மிளகாயின் காரத்தைச் சேர்த்த ஒயர் டேப்பை ஹோண்டா நிறுவனம் விற்கிறது. ஒயரைப் புதிதாகச் சரிசெய்த இடத்தில் இப்படிப்பட்ட டேப்பைச் சுற்றலாம். மிளகாய்த் தூளை அப்படியே கொட்டாதீர்கள். ஏ.சி. போட்டால் உங்கள் கண்ணுக்குத்தான் வரும்.

6. எலி சுவரோரமாகத்தான் ஓடும். எலிப்பொறியைச் சுவரை ஒட்டி வையுங்கள். மசால் வடையோ தேங்காய்ச் சில்லோ போதும்.

7. எலி வருகிறதா என்று சந்தேகமா? இரவில் டயரைச் சுற்றிக் கோலமாவைத் தூவுங்கள். காலையில் கால் தடம் காட்டிக்கொடுத்துவிடும். இது அம்மாவின் யோசனை. எங்கள் வீட்டில் ஸ்கேனரைவிட வேகமாக வேலை செய்தது இதுதான்.

இவற்றை நம்பி இருக்காதீர்கள்

பாச்சை உருண்டை, புகையிலை: வாசனை சில நாளில் போய்விடும். பாச்சை உருண்டையின் ஆவி ஏ.சி. வழியாக உள்ளே வந்தால் உடம்புக்கும் நல்லதல்ல.

அல்ட்ராசானிக் கருவி: அந்த ஒலி தடுப்புகளைத் தாண்டாது, எலியும் பழகிவிடும். இந்தக் கருவிகளை விற்ற 60-க்கும் மேற்பட்ட கம்பெனிகளுக்கு, சொல்வதற்கு ஆதாரம் வேண்டும் என்று அமெரிக்க வர்த்தக ஆணையம் 2001-ல் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது.

எலி விஷம்: தெருவில் குழந்தைகள், நாய், பூனை இருக்கின்றன. எலி காருக்குள்ளேயே செத்தால் நாற்றத்தை எடுக்க டாஷ்போர்டையே கழற்ற வேண்டியிருக்கும்.

கடித்துவிட்டால்?

முதலில் மூக்கை நம்புங்கள். பெட்ரோல் வாசனை வந்தால் சாவியைத் திருப்பவே கூடாது. மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். எந்த ஒயரையும் தொடும் முன் பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றுங்கள். கூட்டை வெறும் கையால் எடுக்காதீர்கள். எலியின் சிறுநீர் வழியாக எலிக்காய்ச்சல் பரவும். கையுறை, மாஸ்க் போட்டு, ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். காய்ந்த துடைப்பத்தால் பெருக்கினால் தூசி பறக்கும்.

ஸ்கேனரில் கோட் வந்தால், அதை அழிக்கும் முன் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். கூகுளில் அந்த எண்ணைத் தேடினாலே எந்த சென்சார் என்று தெரிந்துவிடும். மெக்கானிக்குக்கு நேரம் மிச்சம், உங்களுக்குப் பணம் மிச்சம். எலி கடித்ததற்கு இன்சூரன்ஸ் கிடைக்குமா என்பது பாலிசிக்குப் பாலிசி மாறும். இன்றைக்கே எடுத்துப் படித்துவிடுங்கள்.

உங்கள் சி.பி.யு. பத்திரமா?

சொன்ன சேதிக்கு வருவோம். கம்ப்யூட்டர் கேபினட்டும் எலிக்கு இருட்டான, கதகதப்பான வீடுதான். பின்பக்கம் ஏதாவது கார்டைக் கழற்றியபின் அந்தத் தகட்டை மூடாமல் விட்டிருக்கிறீர்களா? முன்பக்கம் டி.வி.டி. டிரைவ் இருந்த இடம் காலியாக இருக்கிறதா? சுண்டெலிக்கு அதுவே வாசல். கடையில் கேட்டால் மூடித் தகடு கிடைக்கும், மாட்டிவிடுங்கள். அட்டையால் அடைக்காதீர்கள், கொறித்துவிடும். காற்றுப் போகும் துளைகளையும் அடைக்கக்கூடாது.

சி.பி.யு.வைத் தரையில் வைக்காமல் ஸ்டாண்டில் வையுங்கள். மேஜைக்கு அடியில் தொங்கும் கேபிள்களைச் சேர்த்துக் கட்டுங்கள். கீபோர்டு பக்கத்தில் உட்கார்ந்து மிக்சர் சாப்பிடாதீர்கள். ஊருக்குப் போனால் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போங்கள். கடித்த பவர் கேபிளுக்கு டேப் ஒட்டிச் சமாளிக்காமல் புதிதாக வாங்கிவிடுங்கள். முக்கியமாக, போட்டோக்களையும் பைல்களையும் வேறொரு டிரைவில் பேக்கப் எடுத்து வையுங்கள். ஒயரை ஒட்டலாம், போன போட்டோவை ஒட்ட முடியாது.

அப்பாவின் இரண்டாவது கண்ணுக்கும் ஆபரேஷன் நடந்தது. அதற்கு முந்தின இரவே பானெட்டைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். காலையில் முதல் சாவிக்கே இன்ஜின் பிடித்தது. 6.40-க்கே ஆஸ்பத்திரி வாசலில் இருந்தோம்.

உங்கள் வீட்டில் மவுஸ் மேஜை மேல் மட்டும் இருக்கட்டும்!